பின் சக்கரம் ஏன் உரசுகிறது?

மிதிவண்டியில் கல்லூரிக்கு வரும் எவருக்கும் அந்த ஓசை தெரிந்திருக்கும். கேரியரில் நண்பர் ஒருவர் ஏறி அமர்ந்ததும் பின் மட்கார்டு எங்கோ வளைந்து டயரில் பட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'சரக், சரக்' என்று முனகும். இறங்கி, மட்கார்டைக் கையால் இழுத்துவிட்டு, மீண்டும் மிதிப்போம். அத்துடன் முடிந்தது. இதே உரசல், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வளைவு ஒன்றில் திரும்பும் காரின் பின் சக்கரத்தில் நேர்ந்தால் என்னாகும்? கையால் இழுத்துவிட அங்கே நேரமும் இல்லை, இடமும் இல்லை.

ஸ்போர்ட்ஸ் கார் என்பது வசதி படைத்தோரின் விளையாட்டுப் பொருள். கலைக் கல்லூரி ஆண்டு மலரில் அதற்கென்ன வேலை என்று சிலர் கருதக்கூடும். கருதட்டும். நாம் முதலாண்டில் படித்த வட்ட வில், சைன் கோணம், ஹூக் விதி, நெம்புகோல் ஆகிய நான்கும் ஒரே சக்கரத்தைச் சுற்றி நின்று வேலை செய்வதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காண்பது அரிது. பாடநூலில் தேர்வுக்காக மனனம் செய்த சூத்திரம், இங்கே டயர் கிழியுமா கிழியாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு கார்

பொதுவாகப் பேசினால் பயனில்லை. ஆகவே ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகம் செய்த எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் திறந்த கார் அது. அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். 1962-இல் வெளிவந்த லோட்டஸ் எலான் என்ற பிரிட்டிஷ் காரின் இலகுவான தன்மையை முன்மாதிரியாகக் கொண்டு உருவானது. முன்னால் எஞ்சின்; பின் சக்கரங்களுக்கு விசை; எடை ஏறக்குறைய 950 கிலோகிராம். 2016-இல் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது என்றால் அதன் செல்வாக்கு விளங்கும். பழைய மாதிரிகள் இன்றும் உலகெங்கும் ஓடுகின்றன. அவற்றை வாங்குவோர் முதல் வேலையாகச் செய்வது, அகலமான ரிம்களை மாட்டிக் காரைத் தரையோடு தாழ்த்துவதே. அடுத்த வாரமே பின்பக்கத்திலிருந்து உரசும் ஓசை கேட்கத் தொடங்கும்.

இந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதன் டயர் 185/60 ஆர் 14 என்ற அளவுடையது. இந்த எண்களைப் படிக்கும் முறை எளிது. டயரின் அகலம் 185 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 விழுக்காடு, அதாவது 111 மி.மீ.; ரிம்மின் விட்டம் 14 அங்குலம். ஆசாமிகள் விரும்பி மாட்டுவது 205/50 ஆர் 15. அகலம் 205 மி.மீ., பக்கச் சுவர் 102 மி.மீ.க்குச் சற்று மேல், ரிம் 15 அங்குலம். முழு விட்டத்தைக் கணக்கிட்டால் பழையது 578 மி.மீ., புதியது 586 மி.மீ. உயரத்தில் பெரிய மாற்றமில்லை. கோளாறு அகலத்தில் இருக்கிறது.

ரிம்முக்கு 'ஆஃப்செட்' என்று ஓர் அளவு உண்டு. ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, அது காரின் ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறது என்பதே அது. இந்தக் காரின் பழைய ரிம்முக்கு 45 மி.மீ. புதிதாக வாங்கிய ரிம்முக்கு 35 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சக்கரத்தின் நடுக்கோடு 10 மி.மீ. வெளியே வந்துவிட்டது. டயரின் பாதி அகலமும் 10 மி.மீ. கூடியிருக்கிறது. இரண்டும் சேர, டயரின் வெளிப் பக்கச் சுவர் மட்கார்டை நோக்கி 20 மி.மீ. நகர்ந்துவிட்டது. உட்புறத்திலோ கூடியதும் குறைந்ததும் கழிந்து, மாற்றம் ஏதுமில்லை. கடைக்காரர் 'உள்ளே இடிக்காது' என்று சொல்லி விற்றிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை. பாதி உண்மை சொன்னார்.

கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. 205 என்று அச்சிட்ட எல்லா டயரும் 205 மி.மீ. அல்ல. குறிப்பிட்ட அகலமுள்ள ஒரு ரிம்மில் பொருத்தி அளந்த எண் அது. ரிம் அரை அங்குலம் அகலமானால் டயர் ஏறத்தாழ 5 மி.மீ. விரியும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சில மி.மீ. வேறுபாடும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டாரின் காரில் உரசாத அளவு நம் காரில் உரசுவதில் வியப்பில்லை.

உரசினால் என்ன?

'லேசாகத்தானே படுகிறது, தேய்ந்து தானே சரியாகிவிடும்' என்பார் உண்டு. தேய்வது எது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. காரின் பின் மட்கார்டு வெளியிலிருந்து வழவழப்பாகத் தெரியும். விரலை உள்ளே விட்டுத் தடவினால், வெளித் தகடும் உள் தகடும் சேர்த்துப் புள்ளிப் பற்றவைப்பு செய்யப்பட்ட ஒரு விளிம்பு உட்புறமாக நீட்டிக்கொண்டிருப்பதை உணரலாம். கத்தி முனை போன்றது அது. ரேடியல் டயரிலோ எஃகு இழைகளாலான பட்டை, தரையில் உருளும் பகுதிக்கு அடியில் மட்டுமே உள்ளது. பக்கச் சுவரில் இருப்பவை ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் குறுக்காகச் செல்லும் பாலியஸ்டர் நூல்களும் அவற்றின்மேல் மெல்லிய ரப்பரும்தாம். உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் முழுவதையும் அந்த நூல்களே தாங்குகின்றன. அவற்றில் சில அறுபட்டால் அந்த இடம் புடைக்கும், பிறகு வெடிக்கும். அதுவும் எப்போது? சக்கரம் மட்கார்டுக்குள் மிக ஆழமாக ஏறும்போது. அதாவது கார் வேகமாக வளைவில் சாய்ந்து, முழுப் பாரமும் அந்த ஒரு சக்கரத்தின் மேல் விழும்போது. பின் சக்கரம் என்பதால் காரின் வால் சட்டென்று விலகும். ஸ்டீயரிங்கைத் திருப்பி மீட்பது தேர்ந்த ஓட்டுநருக்கும் கடினம்.

சக்கரம் நேராக ஏறுவதில்லை

பலரும் செய்யும் முதல் வைத்தியம், காரைச் சற்று உயர்த்துவது. இரண்டாவது, விறைப்பான ஸ்பிரிங் போடுவது. மூன்றாவது, சுத்தியலை எடுத்து மட்கார்டு விளிம்பை மடக்குவது. மூன்றுமே சில வேளை பலன் தரும். ஆனால் சக்கரம் மேலே ஏறும்போது எந்தப் பாதையில் ஏறுகிறது என்று அறியாமல் செய்யும் எந்த வைத்தியமும் குருட்டு வைத்தியமே.

இந்தக் காரின் நான்கு சக்கரங்களும் 'டபுள் விஷ்போன்' என்னும் முறையில் தொங்குகின்றன. மேலே ஒரு கை, கீழே ஒரு கை. இரண்டின் உள் முனைகளும் காரின் சட்டத்தில் கீல் போலப் பொருத்தப்பட்டுள்ளன. வெளி முனைகள் சக்கரத்தைத் தாங்கும் உலோகத் தூணைப் பிடித்துள்ளன. ஆகவே ஒவ்வொரு வெளி முனையும் ஊஞ்சல் பலகையைப் போல ஒரு வட்ட வில்லில்தான் அசைய முடியும். கை கிடைமட்டமாக இருக்கும் நிலையிலிருந்து முனை மேலே ஏறினால், ஏறும்போதே சிறிது உள்ளேயும் வரும். எவ்வளவு உள்ளே வரும்? ஏறிய உயரத்தின் வர்க்கத்தைக் கையின் நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஏறக்குறைய விடை கிடைக்கும்.

கணக்குக்காகக் கீழ்க் கையின் நீளம் 350 மி.மீ., மேல் கையின் நீளம் 230 மி.மீ. என்று கொள்வோம். இரண்டும் கிடைமட்டமாக இருந்து, சக்கரம் 50 மி.மீ. ஏறுகிறது. கீழ் முனை உள்ளே வருவது 2500-ஐ 700-ஆல் வகுக்க 3.6 மி.மீ.; மேல் முனை 2500-ஐ 460-ஆல் வகுக்க 5.4 மி.மீ. மேல் முனை கூடுதலாக உள்ளே வருவதால் சக்கரத்தின் தலை காருக்குள் சாய்கிறது. மேல் கையைக் குட்டையாக வைத்ததன் இரகசியம் இதுவே. வளைவில் காரின் உடல் வெளிப்புறமாகச் சாயும்போது, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே சாய்ந்து தரையை முழு அகலத்தில் பற்ற வேண்டும் என்பதற்காகப் பொறியாளர்கள் செய்த ஏற்பாடு. மட்கார்டிலிருந்து விலகி நிற்கவும் அதுவே உதவுகிறது.

இப்போது அந்தக் காரை 30 மி.மீ. தாழ்த்திவிட்டால்? கைகளின் வெளி முனை ஏற்கெனவே 30 மி.மீ. மேலே நிற்கிறது. அங்கிருந்து மேலும் 50 ஏறினால் மொத்தம் 80. மேற்சொன்ன சூத்திரப்படி அந்த 50 மி.மீ. ஏற்றத்திலேயே கீழ் முனை 8 மி.மீ.யும் மேல் முனை 12 மி.மீ.யும் உள்ளே வரும். வில்லின் செங்குத்தான பகுதியை விட்டுச் சாய்வான பகுதிக்கு வந்துவிட்டோம். ஆகவே தாழ்த்திய கார் எப்போதும் கூடுதலாக உரசும் என்பது சரியன்று. டயர் மட்கார்டு விளிம்பின் உயரத்தைச் சீக்கிரமாகவே அடைந்துவிடும் என்பது உண்மை. அந்த உயரத்தை அடையும்போது போதிய அளவு உள்ளே வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதற்கு விடை யூகத்தால் கிடைக்காது. அளந்தே ஆக வேண்டும்.

அளக்கும் முறை

இது சற்று வேலை பிடிக்கும் முறை என்றாலும், இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. காரை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். (வெறும் ஜாக்கியை நம்பிக் காரின் அடியில் கை, தலை நுழைப்பவருக்கு இந்தக் கட்டுரை பயன்படாது.) பின் ஷாக் அப்சார்பரைக் கழற்றி, அதைச் சுற்றியுள்ள சுருள்வில்லை எடுத்துவிட்டு, ஷாக் அப்சார்பரை மட்டும் திரும்பப் பொருத்த வேண்டும். இருபுறச் சக்கரங்களையும் இணைக்கும் ஆன்டி ரோல் கம்பியின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். இப்போது சக்கரம் கனமில்லாமல் மேலும் கீழும் அசையும். இன்னொரு ஜாக்கியைச் சக்கரத்தின் அடியில் வைத்து, 10 மி.மீ., 10 மி.மீ. ஆக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். தாளில் வரைபடமாகப் போட்டால் வளைகோடு ஒன்று கிடைக்கும். நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ வரைபடங்களைப் போடுகிறோம். இதில் ஒரு கோடு பூச்சியத்தைத் தொட்டால் ஒரு டயர் போயிற்று.

எதுவரை உயர்த்துவது? ஷாக் அப்சார்பரின் தண்டில் 'பம்ப் ஸ்டாப்' என்ற ரப்பர் அல்லது நுரைத் துண்டு ஒன்று கோர்க்கப்பட்டிருக்கும். சக்கரத்தின் மேலேற்றம் அதில் முட்டி நிற்கும். முட்டியவுடன் நின்றுவிடுவதில்லை, பெரும் அடியில் அந்தத் துண்டு ஏறத்தாழப் பாதி உயரத்துக்கு நசுங்கும். ஆகவே நசுங்கிய நிலை வரை உயர்த்திப் பார்த்தால்தான் முழு உண்மை தெரியும். காரைத் தாழ்த்துவோர் சிலர், 'ஏற்றம் போதவில்லை' என்று இந்தத் துண்டையே வெட்டி எறிவது உண்டு. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே நிற்கும் கடைசிக் காவலாளியை அனுப்பிவிடும் செயல் அது.

வெட்டுவதற்கு மாறாக, தேவைப்பட்டால் அந்தத் துண்டுக்கு மேல் ஒரு வளையத் தட்டைச் சேர்த்து ஏற்றத்தைக் குறைக்கலாம். இங்கே நெம்புகோல் வருகிறது. ஷாக் அப்சார்பர் சக்கரத்தின்மேல் நேராக அமர்வதில்லை. கீழ்க் கையின் நடுவழியில் எங்கோ அமர்கிறது. சக்கரம் 4 பங்கு அசையும்போது அது 3 பங்கு அசைவதாகக் கொண்டால், 9 மி.மீ. தடிமனுள்ள வளையம் சக்கரத்தின் ஏற்றத்தை 12 மி.மீ. குறைக்கும். ஆனால் ஏற்றத்தைக் குறைக்கக் குறைக்க, சிறு மேட்டிலும் சக்கரம் முட்டிக் குதிக்கும். வளைவில் பின் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் கடுமையாக முட்டினால், டயரின் பிடி சட்டென்று நழுவும். ஒரு நோயைத் தீர்த்து இன்னொன்றை வாங்குவதாகிவிடக் கூடாது.

விறைப்பான ஸ்பிரிங் பற்றி ஒரு சொல். அதே 4-க்கு 3 என்ற விகிதத்தால், சுருள்வில்லின் விறைப்பு சக்கரத்தில் அப்படியே உணரப்படுவதில்லை. விகிதத்தின் வர்க்கத்தால் குறைந்து உணரப்படுகிறது. விசையும் குறைகிறது, அசைவும் குறைகிறது, ஆகவே வர்க்கம். ஒரு மி.மீ.க்கு 20 நியூட்டன் விறைப்புள்ள வில், சக்கரத்தில் 11 நியூட்டன் அளவே வேலை செய்யும். இருவர் ஏறி, பெட்டியும் வைத்துப் பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் 40 கிலோகிராம் கூடினால், ஹூக் விதிப்படி கார் 35 மி.மீ. அமரும். வில்லை இரு மடங்கு விறைப்பாக்கினால் 17 மி.மீ. அமரும். நன்மைதான். ஆயினும் ஆழமான பள்ளம் ஒன்றில் விழுந்தால் இரண்டு வில்லும் பம்ப் ஸ்டாப் வரை போய்த்தான் தீரும். விறைப்பான வில் உரசலின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. உரசும் இடத்தை அகற்றுவதில்லை.

சாய்வுக் கோணமும் ஓர் ஏமாற்றமும்

சக்கரத்தின் தலையை வேண்டுமென்றே உள்ளே சாய்த்து வைப்பதற்குக் கேம்பர் என்று பெயர். உள்ளே சாய்ந்தால் எதிர்க் கேம்பர். மெக்கானிக்குகள் இதை எளிதாக, 'ஒரு டிகிரி சாய்த்தால் 5 மி.மீ. கிடைக்கும்' என்பார்கள். எங்கிருந்து வந்தது 5? டயரின் ஆரம் 293 மி.மீ.; ஒரு டிகிரியின் சைன் மதிப்பு 0.01745, பெருக்கினால் 5.1. கணக்கு சரி. ஆனால் அது சக்கரம் தன் மையத்தைப் பற்றிச் சுழன்றால் மட்டுமே.

இந்தக் காரில் பின் சக்கரத்தின் சாய்வை மாற்றும் போல்ட்டுகள் கீழ்க் கையின் உள் முனையில் உள்ளன. முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. அவற்றின் தலையோடு மையம் விலகிய வட்டத் தட்டுகள் இணைந்திருக்கும். ஸ்பானரால் திருப்பினால் கை முழுவதும் வெளியேயோ உள்ளேயோ நகரும். எதிர்க் கேம்பர் வேண்டுமானால் கீழ்க் கையை வெளியே தள்ள வேண்டும். அப்போது சக்கரம் எதைப் பற்றிச் சுழல்கிறது? மேல் கையின் மூட்டைப் பற்றி. அந்த மூட்டு சக்கர மையத்துக்கு 120 மி.மீ. மேலே இருப்பதாகக் கொள்வோம். மூட்டிலிருந்து டயரின் உச்சி 173 மி.மீ. உயரத்தில் உள்ளது. ஆகவே ஒரு டிகிரிக்கு உச்சி உள்ளே வருவது 3 மி.மீ. மட்டுமே. சக்கர மையமோ 2 மி.மீ. வெளியே போய்விடுகிறது!

இன்னும் கூர்ந்து பார்ப்போம். உரசுவது டயரின் உச்சி அன்று. பக்கச் சுவரில் மிகவும் புடைத்திருக்கும் நடுப்பகுதி. அது மையத்துக்கு ஏறக்குறைய 242 மி.மீ. மேலே, அதாவது மூட்டுக்கு 122 மி.மீ. மேலே. அங்கே கிடைக்கும் ஆதாயம் 2 மி.மீ.தான். மட்கார்டு வளைவின் பின் ஓரத்தில், பம்பர் வந்து சேரும் இடத்தருகே, சக்கரத்தின் நடு உயரத்தில் ஒரு திருகோ மடிப்போ உரசுகிறது என்றால், அங்கே கேம்பரைக் கூட்டுவதால் டயர் அதை நோக்கி இன்னும் நெருங்கும். மேலே உரசியதைச் சரிசெய்யப் போய்ப் பின்னால் உரச வைத்த கதை இப்படித்தான் நிகழ்கிறது. சூத்திரம் தவறன்று, எந்தப் புள்ளியைப் பற்றிச் சுழல்கிறது என்று கேட்காமல் சூத்திரத்தைப் போட்டதே தவறு. இயந்திரவியல் வகுப்பில் திருப்புத்திறன் கணக்குப் போடுமுன் 'எந்தப் புள்ளியைப் பற்றி?' என்று கேட்பதற்கான காரணம் இப்போது விளங்கும்.

எனவே 20 மி.மீ. வெளியே வந்த டயரைக் கேம்பரை மட்டும் கொண்டு உள்ளே கொண்டுவர எண்ணுவது வீண். ஒன்று, ஒன்றரை டிகிரியால் 3 மி.மீ. அளவு இடம் தேடலாம். எல்லை மீறிச் சாய்த்தால் நேர்ச்சாலையில் டயர் உள் ஓரத்தில் மட்டுமே நின்று, பிரேக் பிடிக்கும்போது தரையைப் பற்றும் பரப்புக் குறையும். மீதிக்கு ஆஃப்செட் கூடிய ரிம்மையோ, 195 அகல டயரையோ நாட வேண்டும். அழகு சிறிது குறையலாம். அது வாங்குமுன் எண்ண வேண்டியது.

டோ என்னும் சிறு கோணம்

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆனால் அதிகம் மறக்கப்படுவது. கீழ்க் கையின் இரண்டு போல்ட்டுகளையும் சம அளவில் திருப்பினால் கேம்பர் மட்டும் மாறும். ஒன்றை மட்டும் கூடுதலாகத் திருப்பினால் கை கோணலாகி, மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பியிருக்கும். இதற்கு டோ என்று பெயர். இரு சக்கரங்களின் முன் ஓரங்கள் ஒன்றையொன்று நோக்கியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட். பின் சக்கரங்களில் சிறிதளவு டோ-இன் இருக்க வேண்டும் என்பது பொது விதி.

காரணம் இது. வலப்பக்கம் திரும்பும் காரில் பாரம் இடப் பின் சக்கரத்தின்மேல் சாய்கிறது. அது டோ-இன் ஆக இருந்தால் அதன் முகம் வளைவின் உட்புறத்தை நோக்கியிருக்கும். காரின் வால் வெளியே விலகாமல் பிடித்து வைக்கும். டோ-அவுட் ஆக இருந்தாலோ அந்தச் சக்கரமே வாலை வெளியே இழுத்துச் செல்லும். காரைப் பின்னாலிருந்து வேறொருவர் ஓட்டுவது போன்ற நிலை. இந்தக் கோணம் மிகச் சிறியது என்பதால் கண்ணுக்குத் தெரியாது. 586 மி.மீ. விட்டமுள்ள டயரில் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் ஒரு மி.மீ. வேறுபாடு என்றால் கோணம் 0.1 டிகிரி. இரண்டு மூன்று மி.மீ. வேறுபாடே காரின் குணத்தை மாற்றிவிடும். கேம்பருக்காகப் போல்ட்டைத் தொட்டவர், வீல் அலைன்மென்ட் மேடையில் டோவைச் சரிபார்க்காமல் காரைச் சாலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது. உரசல் ஓசையாவது எச்சரிக்கும், டோ-அவுட் எச்சரிப்பதில்லை.

வேலையின் வரிசையும் இங்கே முக்கியம். முதலில் காரின் உயரத்தை இருபுறமும் சமமாக்க வேண்டும், பிறகு கேம்பர், கடைசியில் டோ. உயரத்தை மாற்றினால் கேம்பரும், கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதால், தலைகீழாகச் செய்தால் மூன்று முறை செய்ய நேரும். ஓட்டுநரின் எடைக்குச் சமமான மூட்டையை இருக்கையில் வைத்து அளப்பது நல்ல வழக்கம். மற்றொன்று: கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் உலோகத்தோடு ஒட்டியவை, முறுக்கினால் திரும்ப முயலும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டுகளை இறுக்கினால், கார் தரையில் நிற்கும்போது அவை எப்போதும் முறுக்குண்டே கிடக்கும். உயரம் கோணும், ரப்பர் விரைவில் கிழியும். கார் தன் கால்களில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம்.

இவ்வளவுக்குப் பிறகும் சில மி.மீ. போதவில்லையென்றால் மட்கார்டு விளிம்பை மடக்கலாம். ஹப்பில் பொருத்திச் சுழற்றும் உருளைக் கருவி இதற்கென உண்டு. வெப்பக் காற்றால் பெயின்டைச் சூடாக்கி, சிறிது சிறிதாக மடக்கினால் பெயின்ட் வெடிக்காது. ஆனால் இரு தகடுகளைச் சேர்த்த அந்த விளிம்பு மடங்கும்போது உள்ளே பூசிய அடைப்புப் பசை விரிசல் விடும், ஈரம் புகும், துரு பிடிக்கும். இந்தக் காரின் பின் மட்கார்டு துருவுக்குப் பேர்போனது. மடக்கிய அன்றே விரிசலை அடைத்துப் பெயின்ட் பூச வேண்டும்.

ஒற்றை அச்சுள்ள கார்களில்

எல்லா ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் தனித்தனிக் கைகள் இல்லை. டொயோட்டாவின் 1983-ஆம் ஆண்டு ஏ.இ. 86 மாதிரியில் இரு பின் சக்கரங்களையும் ஒரே அச்சு இணைக்கிறது. அங்கே கேம்பரை மாற்ற வழியில்லை. ஆனால் வேறொரு வினோதம் உண்டு. அந்த அச்சு இடவலமாக நகராதபடி ஒரு குறுக்குக் கம்பி பிடித்திருக்கிறது. அதன் ஒரு முனை அச்சில், மறு முனை காரின் உடலில். பான்ஹார்ட் கம்பி என்பார்கள். அதுவும் வட்ட வில்லில்தான் அசையும். கம்பியின் நீளம் 900 மி.மீ. என்றும், இரு முனைகளுக்கும் இடையே முன்பு 40 மி.மீ. உயர வேறுபாடு இருந்தது காரைத் தாழ்த்திய பின் 90 ஆயிற்று என்றும் கொண்டால், அதே வர்க்கச் சூத்திரப்படி அச்சு 3.6 மி.மீ. ஒரு பக்கம் நகர்ந்துவிடும். ஒரு பக்கம் இடைவெளி அவ்வளவு கூடும், மறுபக்கம் அவ்வளவு குறையும். இரண்டுக்கும் வேறுபாடு 7 மி.மீ.க்கு மேல். ஒரு பக்க டயர் மட்டும் உரசி, மறுபக்கம் தாராளமாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

நீளத்தை மாற்றக்கூடிய, மரை உள்ள கம்பியைப் பொருத்தினால் தீர்வு எளிது. மரையின் இடைவெளி 1.5 மி.மீ. ஆனால் இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பினால் அச்சு நடுவுக்கு வந்துவிடும். சமதளத்தில் காரை நிறுத்தி, இரண்டு மட்கார்டுகளிலிருந்தும் தூக்கு நூல் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளக்க வேண்டும். டயரிலிருந்து அளக்கக் கூடாது. அதன் புடைப்பு இடத்துக்கு இடம் மாறும். இரு அளவுகளும் ஒன்றானதும் பூட்டு நட்டை இறுக்கி, காரைச் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, மீண்டும் ஒரு முறை நூல் விட்டுப் பார்க்க வேண்டும்.